ஏழு நாளும் ‘சரி’

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்ட் வாசலில் கிடைத்தது. பழுது பார்த்து முடித்த மெக்கானிக், நாங்கள் நான்கு பேர் ஏறியதும் வெளியிலேயே நின்றுவிட்டார்.

“நீங்க போங்க. நான் அடுத்ததுல வரேன்.”

எட்டுப் பேர் ஏறலாம் என்று உள்ளே தகடு இருந்தது. அதை மாட்டியவரே அவர்தான். கதவு மூடியது. நான் பார்த்தது அவ்வளவே. மீதி என் கற்பனை.

2

முதல் வரியாக ‘அவர் எடை நூற்றிருபத்தெட்டுக் கிலோ’ என்று எழுதி, அடித்துவிட்டேன். எடையில் தொடங்கினால் நீங்களும் எடையைத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்தது: ‘சின்ன வயதிலிருந்தே அவரை எல்லோரும்

வேண்டாம். (காரணத்தைச் சின்ன வயதில் தேடுவது கதை எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு வசதி.)

இப்படி வைத்துக்கொள்வோம். எடைக் குறைப்புச் சிகிச்சைக்குப் போனவருக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார்கள். ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். அதில் மூன்று கட்டம். எப்போது சாப்பிட்டீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? அதற்கு முன் மனதில் என்ன இருந்தது?

3

இருபத்தாறு வருடமாக அவர் நிரப்பி வந்தது லிஃப்ட் பராமரிப்புத் தாள். பிரேக், கயிறு, மணி. எல்லாவற்றுக்கும் எதிரே ‘சரி’. நோட்டின் மூன்றாவது கட்டத்திலும் அதையே எழுதினார். வரப்போகும் ஏழு நாளுக்கும், ஞாயிற்றுக்கிழமையே, ஒரே மூச்சில்.

செவ்வாய்க்கிழமை மனநல ஆலோசகர் பக்கத்தைப் புரட்டினார்.

“சனிக்கிழமை சாயங்காலம் சூப், மனசு சரி. இன்னிக்குச் செவ்வாய்தானே சார்?”

“மெயின்டனன்ஸ் ஷீட் பழக்கம் மேடம். கை தானா எழுதிடுச்சு.”

ஆலோசகர் சிரித்தார். அன்பான சிரிப்புதான். ஆனால் சிரிப்பை ரகம் பிரித்துப் பார்க்கும் தெம்பு மெக்கானிக்குக்கு எப்போதோ போய்விட்டது. அடுத்த இரண்டு செவ்வாயும் அவர் போகவில்லை. மூன்றாவது முறையும் போகாவிட்டால் அவருடைய இடம் வரிசையில் காத்திருப்பவருக்குப் போய்விடும்.

(அந்தச் சிரிப்பை நான் அழித்துவிடலாம். அழித்தால் அவர் தவறாமல் போயிருப்பார். அழிக்காததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும்.)

4

திங்கள் மாலை. சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி, பையிலிருந்து ஒரு பிஸ்கட் உறையைக் கண்டெடுத்தாள். முந்தைய பிரதியில் அவளைத் திட்ட வைத்திருந்தேன். எத்தனை முறை எழுதியும் அவள் திட்ட மறுத்தாள். உறையை மேசைமேல் வைத்து விரலால் நீவினாள்.

“மெஷின் ரூம்லயா?”

“ம்.”

“அந்த இரும்பு ஏணியில, மூச்சு வாங்க ஏறிப்போய்?”

“ம்.”

“பசியா?”

“பசியெல்லாம் இல்ல. மொட்டை மாடியில தனியா இருக்கற ரூமு. அங்கதான் யாரும் பாக்கறதில்ல.”

“நான் பாத்தா என்னவாம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?”

“சொன்னதில்ல. தட்டைப் பாப்பே.”

அவள் உறையை இரண்டாக மடித்தாள்.

“பாத்தேன்தான்,” என்றாள். “நீங்க படியேறும்போது எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. அதான் பாத்தேன். இனிமே தட்டைப் பாக்கல. மூஞ்சியப் பாக்கறேன். அதுவும் ஒண்ணும் பிரமாதமா இல்ல.”

அவர் சிரித்துவிட்டார். இந்தச் சிரிப்பு என் திட்டத்தில் இல்லை.

“யாரும் பாக்கறதில்லன்னு சொன்னீங்களே, இதையே நோட்டுல எழுதுங்க.”

“அங்கயும் பாப்பாங்களே.”

“பாக்கட்டும். பாக்கறதுக்குத்தானே அவங்க இருக்காங்க.”

5

ஒரு முடிவு: போகிறார், ஆறு மாதத்தில் பதினோரு கிலோ குறைகிறது. இது எடையில் முடிகிறது. இதற்காகவா முதல் வரியை அடித்தேன்?

இன்னொரு முடிவு: போகவில்லை. நடக்கக்கூடியதுதான். எழுதக் கை வரவில்லை.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை. மருத்துவமனைக் கட்டடத்தின் தரைத்தளம். ஆலோசகர் அறை நான்காவது மாடியில். மெக்கானிக் லிஃப்டின் முன் நிற்கிறார். கையில் நோட்டு. மூன்றாவது கட்டத்தில் ஏழு ‘சரி’யையும் அடித்திருக்கிறார்; கீழே ஒரே ஒரு வரி புதிதாக எழுதியிருக்கிறார். உள்ளே மூன்று பேர். தான் ஏறினாலும் அதிக எடைக்கான மணி அடிக்காது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. இருந்தும் வாயைத் திறக்கிறார்: “நீங்க போ

உள்ளே ஒருவர் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்து பிடித்திருக்கிறார். அது நீங்கள்.

அவர் உடம்பைப் பார்க்கிறீர்களா, முகத்தையா என்பதை நான் எழுத முடியாது.