வேலைக்கு வந்த நாற்காலி

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளை உலகத்தில் யாரும் படிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஒருவர் படிக்கிறார். அச்சுக்குப் போகும் முன் அதில் பிழை பார்ப்பதுதான் அவருக்கு வேலை. தாளைக் கையில் எடுத்தால் கண்மணி மட்டும் நகரும். மூச்சு விடுகிறாரா என்று பக்கத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். அதனால் ஆபீஸில் அவருக்குச் சிலை என்று பெயர்.

நல்ல ஆபீஸாகத்தான் இருந்தது. திடீரென்று சுவரில் 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று பெரிய பலகை மாட்டினார்கள். அந்த மாதமே குடும்பத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு டீ மெஷினை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் 'புத்துணர்ச்சியோடு இருங்கள்' என்று ஒரு படம் ஒட்டினார்கள். அடுத்து வந்ததுதான் நாற்காலி விளக்கு.

ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு கருவி. நாற்காலி அசைந்தால் முதுகுப்பக்கம் பச்சை விளக்கு எரியும், அசையாவிட்டால் சிவப்பு. அசைகிறவர் உழைக்கிறார், அசையாதவர் ஆபீஸிலேயே இல்லை என்பது தலைமை அலுவலகத்தின் கண்டுபிடிப்பு. மாதக் கடைசியில் எந்த நாற்காலி பச்சையைவிட அதிக நேரம் சிவந்திருந்ததோ, அதற்கு உரியவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மறுநாளே ஆபீஸ் புயலில் மாட்டிய படகுபோல ஆடத் தொடங்கியது. டிசைனர் உட்கார்ந்தபடியே நடனம் பழகினார். கணக்காளர் ஆடி ஆடிப் பழகி, வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் ஆட, மனைவி பயந்துபோய் டாக்டரிடம் இழுத்துப் போனார். தபால்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று தபாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். வேலைதான் நடக்கவில்லை. விளக்கெல்லாம் பச்சை.

இதில் கொடிகட்டிப் பறந்தவர் டைப் அடிக்கும் அக்கா. நினைவு தெரிந்த நாளிலிருந்து காலாட்டுகிறவர். மாமியார் திட்டித் திட்டி ஓய்ந்துபோன கால் அது. இப்போது அந்தக் காலுக்கு ஆபீஸே கைதட்டியது.

சிலையின் விளக்கு மட்டும் நாளெல்லாம் தக்காளிபோலச் சிவந்து கிடந்தது. அவர் மனைவிக்கு நிறைமாதம். இந்த நேரத்தில் வேலை போனால் என்ன செய்வது? அவரும் ஆடிப் பார்த்தார். ஆடிக்கொண்டே படித்ததில், இருமல் மருந்துத் தாளில் குழந்தைக்கு அரைக் கரண்டி என்றிருக்க வேண்டிய இடத்தில் நான்கு கரண்டி என்றிருந்ததைக் கண் தாண்டிப் போய்விட்டது. மனசு கேட்காமல் மறுபடி படித்தபோதுதான் அகப்பட்டது. ஆடுவதை அங்கேயே நிறுத்தினார்.

"இனிமே நான் ஆட மாட்டேன்க்கா. வேலை போனா போகட்டும்," என்றார், பக்கத்து இருக்கை அக்காவிடம்.

"இதை வீட்டுல போய் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிப்பாரு. அங்கயே வலி எடுத்துடும் அவளுக்கு." அக்கா காலாட்டியபடியே கொஞ்சம் யோசித்தார். "சரி, எழுந்திரு."

"எதுக்கு?"

"நாற்காலி ஆடணும்னுதானே சொன்னாங்க. அதுல நீ இருக்கணும்னு யாராவது சொன்னாங்களா?"

அக்கா அவர் நாற்காலியை இழுத்து, பார்சல் கட்டும் சணல் கயிற்றால் தன் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார். அக்கா காலாட்ட, காலி நாற்காலியும் கூடவே குலுங்கியது. விளக்கு பச்சை. சிலை ஒரு காலி அட்டைப்பெட்டியின் மேல் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"இது பொய்யில்லையாக்கா? கடவுள் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கார்?"

"நீ வேலை செய்யறது அவருக்குத் தெரியும். இந்த விளக்குக்குத்தான் தெரியல. குருட்டு விளக்குக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்றேன், அவ்வளவுதான். தாளைப் படி."

சாயங்காலம் டிசைனர் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மறுநாள் கணக்காளர். மேலாளர் அப்போது ஊரில் இல்லை. ஊழியர்களை உற்சாகப்படுத்துவது எப்படி என்ற பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள், தாய்க்கோழியைச் சுற்றிய குஞ்சுகள்போல எல்லா நாற்காலிகளும் அக்காவைச் சுற்றி நின்று குலுங்கின. ஆட்களெல்லாம் பெட்டி மேலும் தரையிலும் உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு ஒழுங்காக வேலை பார்த்தார்கள். அக்கா தண்ணீர் குடிக்க எழுந்தால் கம்பெனியே சிவந்துவிடும். யாராவது ஓடிப்போய் அவர் இடத்தில் காலாட்டுவார்கள்.

மேலாளர் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"என்ன இது?"

பொய் சொல்லத் தெரியாத சிலைதான் பெட்டியிலிருந்து எழுந்தார். "என்னால வந்ததுதான் சார். நாற்காலி அங்க வேலை செய்யுது. நான் இங்க வேலை செய்யறேன். அனுப்பறதா இருந்தா என்னை மட்டும் அனுப்புங்க."

மேலாளர் கத்தப் போகிறார் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் ஒரு பெட்டியைத் தேடிப்பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

"உன்னை எதுக்குப்பா அனுப்பணும்? இந்த மாசம் போறது நான்தான். தலைமை அலுவலகத்துலேர்ந்து எச்சரிக்கை வந்துடுச்சு. உங்க விளக்கையெல்லாம் பார்க்கறேன்னு நாள் பூரா சுத்திக்கிட்டே இருந்தேன். என் நாற்காலில நான் உட்காரவே இல்ல."

கணக்காளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டார். எத்தனை பேருக்கு மூட்டை கட்டிக் கொடுத்த மனிதர். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தபோது யாருக்கும் பழிதீர்க்கத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மனசை இளக வைக்கிறவன் ஆண்டவன்தான் என்று நான் நம்புகிறேன்.

"சும்மா உட்கார்ந்திருந்தா எப்படி சார்?" என்றார் அக்கா. "மாசம் முடிய இன்னும் நாள் இருக்கு. போய் உங்க நாற்காலியைத் தள்ளிட்டு வாங்க. கயிறு மிச்சம் இருக்கு."

மேலாளர் தள்ளிக்கொண்டு வந்தார். தோல் போட்ட கனத்த நாற்காலி. அக்காவுக்கு இரண்டு காலையும் ஆட்ட வேண்டியிருந்தது.

அந்த மாதம் யாருக்கும் வேலை போகவில்லை. சிலைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர், நேரே மேலாளரிடம் போய், அந்த ஒரு வாரத்தைத் தன் கணக்கில் விடுப்பாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"உன் நாற்காலி தினமும் வந்துச்சேப்பா."

"நான் வரலியே சார்."

மேலாளர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். "ஆமா சார், அவர் லீவுதான்... இல்ல சார், பச்சை எரிஞ்சது நிஜம்தான்... அது எப்படின்னா..." அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மூடிய கதவுக்குப் பின்னால் அவர் சணல் கயிற்றிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "அந்த விளக்கைக் கழட்டிடுங்க சார், என் ஆளுங்களை நான் பார்த்துக்கறேன்," என்பது மட்டும் வெளியே தெளிவாகக் கேட்டது.

பெட்டிகளின் மேல் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிலையைவிட அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.