உடையாத கண்ணாடி

"வேலைய நிறுத்துங்க சார்."

கேட்டுவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பா எச்சரித்திருந்தார்: "என்ன வேணா கேளு தாயி, இத மட்டும் கேட்டுடாத." எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதையும் அவர் கொஞ்சம் பயத்தோடுதான் பார்ப்பார்.

மேலாளர் தேநீரை ஊதினார். "சுரங்கத்துக்கு மொத ரயில் இன்னிக்கு ஏறுது. மந்திரி வர்றாரு. நீ நிறுத்தச் சொல்ற. படிச்ச திமிரா?"

"மலைச்சரிவுல விரிசல் பெருசாயிருக்கு. நேர் கீழ தண்டவாளத்துல எங்கப்பா ஆளுங்களோட ஜல்லி போட்டுட்டிருக்காரு."

"அப்படி வா வழிக்கு. அப்பா பாசம்! சரி, நீ ஒட்டச் சொன்ன கண்ணாடி உடைஞ்சுதா?"

விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டினால், மலை நகரும்போது அவை உடையும். ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் போன வாரம் விரல் நுழையாத விரிசலில் இன்று காலை மணிக்கட்டுவரை கை போனது. உள்ளே ஈரம். அந்தச் சில்லிப்பு இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

வாசலில் நின்ற மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அது மட்டமான கண்ணாடி பாப்பா. தெனமும் உடைஞ்சு கெடக்கும். பெரிய மனுசங்க வர்ற எடமாச்சே, அசிங்கமா இருக்கேன்னு விடியறதுக்குள்ள நாந்தான் புதுசு ஒட்டிடுவேன்."

மேலாளர் ஊதுவதை நிறுத்தினார். ஒரு கணம் அவர் முகத்தில் பயம். பிறகு அதை விழுங்கிக்கொண்டார்.

"ரயில் ஏறட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அந்த அதிர்வுலதான் சார் மலை சரியும்!"

"வாய மூடு. அப்பன், மக ரெண்டு பேருக்கும் நாளைக்கு வேலை இருக்காது."

"எங்கப்பனுக்கு மொதல்ல நாளைன்னு ஒண்ணு இருக்கட்டும்."

தூரத்தில் எஞ்சின் ஊதியது. ஜன்னல் கடகடத்தது. மேலாளரின் தலைக்குமேல் ஆணியில், பாறைக்கு வெடி வைக்குமுன் ஒலிக்கும் சைரனின் சாவி தொங்கியது. அது ஒலித்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். போட்டது போட்டபடி ஓடுவார்கள். எஞ்சின்காரனும் நிறுத்தியாக வேண்டும். வெடி வைக்காமல் சைரன் போட்டவளுக்கு இந்தத் தொழிலில் எவனும் வேலை தரமாட்டான்.

சாவியை எடுத்தேன்.

"ஏய்!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

மேஸ்திரி வழிமறித்தார். "அப்பாவ நெனச்சுப் பாரு பாப்பா."

"அவரத்தான் மாமா நெனக்கிறேன். தள்ளுங்க."

தள்ளி நின்றார். வெளியே சைரன் கம்பத்தை நோக்கி நடந்தேன்.