ஜன்னல் வைத்த அறைகள்

கனடாவிலிருந்து சித்தப்பாவின் பிள்ளைகள் ஜூலையில் வருவதாகக் கடிதம் வந்ததும், குடும்பத்தின் வம்சாவளியை எழுதி முன்னறையில் மாட்ட வேண்டும் என்றார் அண்ணன் முர்டோ. அவருக்கு முத்து முத்தான கையெழுத்து. தகவல் திரட்டுவது என் பொறுப்பாயிற்று.

நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்து கிழடானது இந்தப் பண்ணைவீட்டில்தான். இதைப் பெரிதாக்கிக் கட்டியவர் கொள்ளுத்தாத்தா டூகல் மன்ரோ. ஒற்றைப் பிள்ளை, தனியாளாக நின்று நிலத்தைக் காப்பாற்றியவர் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது பெருமையில் முர்டோவின் குரலே மாறிவிடும்.

நகர நூலகத்தில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நகல்கள் இருந்தன. 1841இல் ஹெக்டர் மன்ரோ, அவர் மனைவி, மூன்று வயது டூகல். 1851இல் புதிதாக ஒரு பெயர்: எஃபி, மகள், வயது ஒன்பது. பெயருக்கு நேரே, கடைசிக் கட்டத்தில் ‘செவிட்டு ஊமை’ என்று எழுதியிருந்தது. 1861இலும் இருந்தாள். 1871இல் பெற்றோர் இல்லை. டூகல்தான் குடும்பத் தலைவர். மனைவி, ஐந்து பிள்ளைகள். எஃபியும் இருந்தாள். ஆனால் உறவுமுறை எழுதும் கட்டத்தில் ‘தங்கை’ என்று இல்லை. ‘வேலைக்காரி’ என்றிருந்தது.

1881இல் அவளைக் காணவில்லை. இறந்திருப்பாள் என்று அதுவரையிலான இறப்புப் பதிவுகளைத் துழாவினேன். இல்லை. கடைசியில், பத்து மைல் தள்ளி, போக்கிடமற்றவர்களைச் சேர்க்கும் ஏழைகள் விடுதியின் அதே ஆண்டுப் பட்டியலில் அகப்பட்டாள். பத்தாண்டு கழித்தும் அங்கேயேதான் இருந்தாள். 1894 பிப்ரவரியில் நெஞ்சுச்சளி முற்றி இறந்திருக்கிறாள். இறப்புச் சான்றில் விடுதிப் பொறுப்பாளரின் கையெழுத்துதான் இருந்தது, உறவினர் ஒருவருடையதும் இல்லை.

நகல்களைச் சமையலறை மேசையில் பரப்பினேன். முர்டோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

“வீட்ல எடம் இருந்திருக்காது யூனா. ரெண்டே ரூம்ல எட்டுப் பேரு. அவருதான் என்ன செய்வாரு?”

நானும் அப்படி நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் வீட்டில் ஜன்னல் வைத்த அறைகள் எத்தனை என்றும் கணக்கெடுப்பில் எழுதுவார்கள். 1871இல் இரண்டு. 1881இல் ஐந்து. மூத்த பிள்ளைகள் இருவர் வெளியே வேலைக்குப் போய்விட்டதால் ஆட்கள் ஐந்தே பேர்.

“வீட்டைக் கட்டி முடிச்ச பிறகும் அவளைத் திரும்பக் கூட்டிட்டு வரலைண்ணா,” என்றேன்.

முர்டோ ‘ஐந்து’ என்ற அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டார். காலையிலேயே போட்டாயிற்று.

மறுவாரம் விடுதி இருந்த இடத்தைத் தேடிப் போனேன். அவர் வரவில்லை. இப்போது அது மரக்கிடங்கு. வேலிக்குப் பின்னால், விடுதியில் இறந்தவர்களைப் புதைத்த ஈரப் புல்மேடு. யார் எங்கே கிடக்கிறார்கள் என்று காட்ட ஒரு கல்கூட இல்லை.

வம்சாவளியில் எஃபியை முர்டோ விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுதியிருந்தார். டூகலுக்குப் பக்கத்தில், பிறந்த ஆண்டோடு. இறந்த ஆண்டு மட்டும் இல்லை.

ஜூலையில் எல்லோரும் வந்தார்கள். வம்சாவளியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா மருமகள் ஷீனா, “இந்த எஃபி யாரு மாமா? கேள்விப்பட்டதே இல்லையே,” என்றாள்.

முர்டோ என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “கொள்ளுத்தாத்தாவோட தங்கச்சி. பாவம், சின்ன வயசுலயே போயிட்டா.”

ஐம்பத்திரண்டு வயது வரை இருந்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஷீனாவிடம் ரொட்டித் தட்டை நீட்டினேன். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனாள்.