செல்லியின் பொட்டு

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ராஜவேலு, அவர் மகன் பிரகாஷ், படம் வாங்க வேலூரிலிருந்து புதூர்நாட்டு மலைக்கு ஏறி வந்த பார்த்திபன். ராஜவேலுவின் மனைவி கெங்கம்மாள் அடுப்படியில் இருந்தாள். செத்துப்போன மகள் செல்லியும் இருந்தாள், சுவரில்.

அந்த எண்ணெய் வண்ணப் படம், வெள்ளைக்கார வன அதிகாரி ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது ராஜவேலுவின் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பச்சைப் புல்வெளி, ஓடை, ஆடுகள், மரத்தடியில் கோலூன்றி நிற்கும் ஒரு சிறுமி. செல்லி காய்ச்சலில் போனபோது கும்பிட ஒரு போட்டோகூட இல்லை. அவளும் ஆடு மேய்த்தவள்தான். கருமாதி முடிந்ததும் கெங்கம்மாள் படத்துச் சிறுமியின் நெற்றியில் குங்குமம் வைத்து, மகளைப் பூவாடைக்காரியாக, வீட்டைக் காக்கும் தெய்வமாக, அதில் இருத்தினாள். ஆடி தவறாமல் புதுப்பாவாடை வைத்துப் படையல்.

இப்போது கூரை இறங்கிவிட்டது. பணம் கேட்டு யாரிடமும் போய் நிற்க ராஜவேலுவுக்கு முதுகு வளையாது. படத்தைக் கொடுத்துவிடலாம் என்றபோது கெங்கம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"செம்புத் தண்ணியில அவள அழைச்சி எறக்கிக்கிறேன். அதுவரைக்கும் பொட்ட யாரும் தொடக் கூடாது. வர்றவர்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றிருந்தார்.

பார்த்திபன் படத்தை இறக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். "நல்ல சரக்குங்க ஐயா. இன்னாங்க இது, வெள்ளைக்காரிக்குக் குங்குமம் வெச்சி நம்மூர்ப் பொண்ணாக்கிட்டீங்க!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ராஜவேலுவுக்குச் சுருக்கென்று தைத்தது. நாலு ஊர் கூடினாலும் நாற்காலி போட்டு உட்கார வைக்கிற குடும்பம். செத்த மகளை இந்தப் படத்தில் கும்பிடுவதைப் போய் இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"பசங்க வெளையாட்டா வெச்சது" என்றார்.

"அப்பா..." என்றான் பிரகாஷ். ராஜவேலு கண்ணாலேயே அடக்கினார்.

"அப்ப தொடச்சிட்றேன். சுத்தமாப் போய்ட்டா நல்ல வெலைக்குப் போவும்."

பார்த்திபன் பஞ்சை நாக்கில் நனைத்துத் தேய்த்தார். 'வேண்டாம்' என்ற சொல் ராஜவேலுவின் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் முன்பு சொன்னது பொய்யாகிவிடும். விறைத்து நின்றார். பஞ்சு சிவந்தது.

மஞ்சள் பூசி வேப்பிலை செருகிய செம்போடு கெங்கம்மாள் வந்தாள். பஞ்சைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"சொல்லலியா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எச்சி பட்ட எடத்துல என் பொண்ணு நிப்பாளா? இனிமே யார நான் கூப்புட்றது?" செம்புத் தண்ணீரை வாசலில் கொட்டினாள். "எடுத்துக்கினு போவச் சொல்லுங்க. இது யாரோ பொண்ணு."

படத்தோடு ஜீப் மலையிறங்கிப் போயிற்று. கூரையும் மாறியது. ஆடி பிறந்ததும் ராஜவேலு தாமே திருப்பத்தூர் போய் ஒரு சின்னப் பாவாடை வாங்கி வந்தார். எங்கே வைத்துப் படைப்பது என்று கெங்கம்மாளிடம் கேட்க நாவெழவில்லை. அது மடிப்புக் கலையாமல் கொடியில் கிடக்கிறது.

ராஜவேலு வீட்டில் இத்தனை காலம் வெள்ளைக்காரியைக் கும்பிட்டார்கள் என்று புதூர்நாட்டில் பேச்சு. தவறு. கும்பிட்டது செல்லியை.