ஏற்காட்டு ரோட்டில் ஒரு குமட்டல்

சேலத்துப் பஷீர் அகமது ஞாயிறுதோறும் ஜவுளி மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஏற்காட்டுச் சந்தைக்குப் போவான். கூட அவன் சேக்காளி லாசர். நூல்கண்டும் ரிப்பனும் விற்பவன். சந்தை முடிந்து காப்பித் தோட்டத்துக் குடியிருப்புகளையும் சுற்ற வேண்டியிருந்ததால் இருவருக்கும் பஸ் தோதுப்படவில்லை.

மலையில் பாதி ஏறியதும் பஷீருக்கு வயிற்றைப் புரட்டும். வாயில் எச்சில் ஊறும், காது அடைக்கும். லாசரோ முன்னால் மிதித்துக்கொண்டே போவான். அவனை விட்டுவிடக் கூடாதென்று பஷீர் பல்லைக் கடித்து மிதிப்பான். கடைசியில் ரோட்டோரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கக்குவான்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் மனைவி வஹீதுன்னிசாவுக்கு மசக்கை. ஒரு சனிக்கிழமை அவளிடம் இதைச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எனக்காவது வயித்துல புள்ள இருக்கு. உங்களுக்கு என்னங்க?"

"சிரிக்காத. நாளைக்கு ஏறணும்னு நெனச்சாலே குமட்டுது."

"காலையில என்ன சாப்பிடறீங்க?"

"மலை ஏறணுமில்ல? வயிறு முட்ட ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். அடிவாரத்துல ஒரு சொம்புத் தண்ணி."

"நான் அப்படித் தின்னா உடனே வெளிய வந்துரும். காஞ்ச ரொட்டியக் கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சுக்கறேன். பெரட்டுனா அடுப்ப அப்படியே உட்டுட்டு உக்காந்துக்கறேன். நீங்க எறங்கி நின்னா என்ன?"

"லாசர் போயிருவானே."

"போகட்டுமே. சந்தை எங்க ஓடிப்போகுது?"

மறுநாள் அவன் அரை வயிறு சாப்பிட்டான். பொறை ரொட்டியும் இஞ்சித் துண்டும் துணியில் முடிந்து கொடுத்தாள்.

மலையில் எச்சில் ஊறத் தொடங்கியதுமே பஷீர் இறங்கிவிட்டான். வெட்கமாகத்தான் இருந்தது.

"லாசர், நீ போ. நான் மெதுவா வாரேன்!"

லாசர் போகவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நல்ல காரியம் பண்ணுன. நீ எப்ப கக்கறதுக்கு முன்னாடியே எறங்குவேன்னுதான் வாராவாரம் பார்த்துட்டு வாரேன்."

"உனக்குமா?"

"பின்னே? நற்கருணை வாங்கணும்னு வெறும் வயித்தோட பூசைக்குப் போறேன். முடிஞ்சதும் அப்படியே சைக்கிள எடுத்துடறேன். பாதி மலையில கண்ணு இருட்டுது. நீ கக்குற சத்தம் கேட்டா எனக்கும் வந்துரும். அதான் நிக்காம முன்னால ஓடறேன்."

பஷீர் சிரித்துச் சிரித்து இருமினான். ரொட்டியை இருவரும் பங்கு போட்டார்கள். இஞ்சியைக் கடித்து, தண்ணீரை வாய் வாயாகக் குடித்தார்கள். கீழே சேலம் பனிக்குள் கிடந்தது. இத்தனை வாரத்தில் அதைப் பஷீர் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. மூச்சு அடங்கியதும் மிதித்தார்கள். செங்குத்தில் பேசிக்கொண்டே தள்ளினார்கள்.

சந்தைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போனார்கள். ஆனாலும் வியாபாரத்துக்குக் குறைவில்லை. மலைமேல் முதன்முறையாகப் பஷீருக்குப் பசித்தது.

சாயங்காலம் தோள்துண்டு நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வீடு திரும்பினான். லாசரின் கதையைக் கேட்டு வஹீதுன்னிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு பழம் தின்றாள். சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னொன்னு உரிங்க" என்றாள்.