அபனாஸின் இடக்கைக் கத்தி

அபனாஸ் எங்கள் ஊர் தபாலாபீஸில் முத்திரை குத்துகிறவர். வயது நாற்பத்தெட்டு. இருபது வருஷம் யாகூத்ஸ்க் நகரத்தில் அதே வேலையைப் பார்த்துவிட்டு, போன வருஷம்தான் ஊருக்குத் திரும்பி வந்தார். வரும்போது நகரத்துக் கடையில் வாங்கிய மடக்குக் கத்தி ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். கைப்பிடி முழுக்க எஃகு, பளபளவென்று முகம் பார்க்கலாம். அந்த ஜனவரியில், குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தெட்டு டிகிரி இருந்த ஒரு காலையில், பார்சல் கயிற்றை அறுக்க அதைத் தெருவில் நின்று திறக்கப் பார்த்தார். உள்ளே போட்டிருந்த எண்ணெய் உறைந்துபோய்க் கத்தி திறக்கவில்லை. மனுஷன் பல்லால் கடித்து இழுத்தார். கீழுதடு எஃகில் ஒட்டிக்கொண்டது. உதட்டில் கத்தி தொங்க அவர் மளிகைக் கடைக்குள் போனதையும், கடைக்காரி வெதுவெதுப்பான தேநீரை ஊற்றி அதைப் பிரித்தெடுத்ததையும் நாங்கள் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவரிடம் சொல்லிக்கொண்டோம். அந்த வாரம் தபாலாபீஸுக்கு வந்துபோனவர்கள் வழக்கத்தைவிட மூன்று மடங்கு. ஒருவருக்கும் தபால் வந்திருக்கவில்லை.

இந்தக் குளிர்காலம் அவருக்கு ஒழுங்கான கத்தி வேண்டியிருந்தது. காரணம் அகுலினா. மாட்டு வைத்தியம் பார்க்கிறவள், நாற்பத்து மூன்று வயது, தனியாக இருக்கிறாள். முன்பு ஒரு புருஷன் இருந்தான். ஆற்றுப் பனி தாங்கும் என்று அடித்துச் சொல்லி இரண்டு வண்டிகளை ஆற்றுக்குள் விட்டவன். முதல் தடவை பனிமேல் பழி போட்டான், இரண்டாவது தடவை வண்டிமேல். இப்போது தெற்கே எங்கோ இருக்கிறான், அங்கே யார்மேல் பழி போடுகிறானோ. நவம்பரில் அபனாஸ் எச்சிலை மூன்று தடவை விழுங்கிவிட்டு, ஒரே வீட்டில் இருந்துவிடலாமா என்று அகுலினாவிடம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அவள். வலை தூக்கும் ஞாயிற்றுக்கிழமை தன் அண்ணன் சிதோரோடு ஆற்றுக்கு வரச் சொன்னாள், பதிலை அங்கேயே சொல்லிவிடுகிறாளாம்.

ஆற்றுக்கு இடுப்பில் கத்தி இல்லாமல் போகிறவன் கால்சட்டை இல்லாமல் போகிறவனுக்குச் சமம். எனவே அபனாஸ் பக்கத்து ஊர்க் கொல்லர் நுக்குலாயிடம் போனார். நுக்குலாய் கம்பளித் துணியில் ஏழெட்டுக் கத்திகளைப் பரப்பினார். எல்லாம் நம் வழக்கப்படி, பெரிய கையுறை போட்டாலும் பிடிக்கும்படி தடித்த பிர்ச் மரப் பிடி, பசுவின் வால்தோலில் உறை. அபனாஸுக்குக் கத்தியைப் பற்றித் தெரிந்தது அதற்கு ஒரு பக்கம் கூர்மை என்பது மட்டும். அது கொல்லருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் விளக்கில் தூக்கிப் பார்த்தார், நகத்தில் தட்டிப் பார்த்தார், ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் பிடியில் சுருள் சுருளாக ரேகை ஓடிய ஒன்றை எடுத்தார். கொல்லர் ஏதோ கேட்டார். அபனாஸ் நிபுணர் மாதிரி கண்ணை மூடி ம் என்றார். இன்னொன்று கேட்டார். அதற்கும் ம். கேட்டது என்னவென்று அவருக்குச் சிதோர் வீட்டில்தான் தெரிந்தது.

ஆற்றுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கையில் சிதோர் வீட்டில் விருந்து, அங்கே சிதோர் கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நம் கத்திக்கு ஒரு பக்கம் உப்பியிருக்கும், மறுபக்கம் தட்டையாக இருந்து அதில் ஒரு பள்ளம் ஓடும். வலக்கைக்காரனுக்கு எந்தப் பக்கமோ, இடக்கைக்காரனுக்கு அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாற்றி அடிப்பார்கள்.

"என்ன தபால்காரரே, நீங்க இடக்கையா?" என்றார் சிதோர்.

அகுலினா கஞ்சிக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அபனாஸின் வாயிலிருந்து வந்தது வேறு.

"பொறந்ததுலேர்ந்தே."

அன்று முதல் அவர் பாடு திண்டாட்டம். உறையை வலது இடுப்புக்கு மாற்றினார். இடக்கையால் கஞ்சி குடித்து, பாதியைச் சட்டைக்குக் கொடுத்தார். இடக்கையால் விறகு பிளந்தபோது விறகைத் தவிர எல்லாவற்றிலும் கோடரி பட்டது. ஆனால் தபாலாபீஸில் மட்டும் மறந்துவிடுவார். காலை ஒன்பது மணியிலிருந்து ஊர் மொத்தத்துக்கும் எதிரில் உட்கார்ந்து வலக்கையால் எழுதி, வலக்கையால் முத்திரை குத்தினார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. எதற்குத் திறப்பது? குளிர்காலம் ஏழு மாசம், வேறு பொழுதுபோக்கு என்ன இருக்கிறது. ஒருத்தி அவருடைய தாத்தாவும் இடக்கைதான் என்று அவரிடமே போய்ச் சாட்சி சொன்னாள். அவர் நன்றி வேறு சொன்னார்.

வலை தூக்கும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தெட்டு. காற்றில்லை, விட்ட மூச்சு உறைந்து காதருகே சரசரவென்று கேட்டது. கத்தியை எங்கே வைப்பது என்று அபனாஸ் முந்தின நாளெல்லாம் யோசித்து, அது குளிராமல் இருக்கட்டும் என்று அடுப்பு மேட்டில் வைத்திருந்தார். நம்மூரில் கத்தியை வெளித் தாழ்வாரத்தில், குளிரில்தான் விட்டுவைப்பார்கள். சூட்டிலிருந்து குளிருக்குப் போன கத்தி உறைக்குள்ளேயே வியர்த்து, ஆற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் உறையோடு ஒன்றாக உறைந்துவிட்டது.

பனியில் துளை போட்டு வலையைத் தூக்கியதும் சிர் என்கிற ஆற்று மீன்கள் வந்து விழுந்தன. இரண்டு துடிப்புக்குள் விறைத்து விறகாயின. சிதோர் கரையோரம் நெருப்பு மூட்டினார். உறைந்த மீனை மெல்லிசாகச் சீவிப் பச்சையாகவே தின்பது எங்கள் பழக்கம். வலைக்குப் புதிதாக வந்தவர் முதல் மீனைச் சீவ வேண்டும், முதல் சீவல் நெருப்புக்கு, அது இந்த ஆற்றின் வழக்கம். காகிதம் போல ஒரு சுருள் விழும், நெருப்பு அதைச் சீறி வாங்கிக்கொள்ளும், பிறகுதான் மனுஷர்களுக்கு.

அபனாஸ் கத்தியை இழுத்தார். வரவில்லை. திரும்பி நின்று இழுத்தார். கடைசியில் உறையோடு அதைக் கோட்டுக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு, ஆற்றின் அழகைப் பார்ப்பவர் போல நின்றார். எதிர்க்கரை மூடுபனியில் தெரியவே இல்லை. அகுலினாவும் சிதோரும் தேநீர் குடித்தார்கள். இன்னொரு கோப்பையும் குடித்தார்கள். ஒரு மனுஷனுக்கு அக்குளில் இவ்வளவு குளிரும் என்று அபனாஸுக்கு அன்றுதான் தெரிந்தது.

கத்தி வந்தது. மீனை அதன் மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தி, இடக்கையால் மேலிருந்து சீவினார். கத்தி உள்ளே இறங்கியது, நின்றது, தள்ளியதும் செருப்பு அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதை எடுத்து நெருப்பில் போட்டார். சுள்ளிகள் சரிந்தன, புகை கிளம்பியது, நெருப்பில் பாதி கறுத்துப்போனது. வழக்கம் தெரிந்த நாங்கள் இதைக் கேட்டபோது நெருப்பிடம் மன்னிப்புக் கேட்டோம். சிரித்த பிறகுதான் கேட்டோம்.

சிதோர் குனிந்து ஊதி நெருப்பைக் காப்பாற்றினார். அவர் தங்கமான மனுஷன். அவமானப்படுகிறவனுக்கு ஒரு வழி காட்டுவார்.

"கத்தி சரியில்லபோல. நுக்குலாய்க்கு இப்பல்லாம் கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றார்.

அபனாஸுக்கு அது சுடச்சுட ரொட்டி மாதிரி இருந்தது. ஆமாம் என்றால் போதும். கொல்லர் பதினைந்து மைலுக்கு அப்பால் இருக்கிறார், அவர் காதுக்கு எட்டவா போகிறது. வாயும் திறந்துவிட்டது. அப்போது பார்த்தார், அகுலினா மீனையும் பார்க்கவில்லை, கத்தியையும் பார்க்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி மூழ்கிய துளைக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தன் என்ன சொல்லப்போகிறான் என்று இரண்டு முறை காத்திருந்தவளின் பார்வை அது.

"நுக்குலாய் மேல தப்பில்ல. அவரு இடக்கையான்னு கேட்டிருக்காரு. எனக்கு காதுல விழல, ஆனா தெரிஞ்ச மாதிரி ம்னு சொல்லிட்டேன். நான் வலக்கைதான் அகுலினா. அன்னிக்கு உங்க முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சு. மூணு வாரமா கஞ்சியக்கூட ஒழுங்கா குடிக்கல."

சிதோர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"தெரியும்," என்றாள் அகுலினா. "போன வாரம் என் ரசீதுல நீங்கதானே கையெழுத்து போட்டீங்க. நான் கண்ணு தெரியாதவளா?"

"அப்ப ஊருக்கே..."

"ஊருக்கே."

அபனாஸ் பனியைப் பார்த்தார். அதில் ஒரு துளை இருந்தது, ஆள் போகிற அளவுக்குத்தான் இல்லை.

சிதோர் தன் இடுப்பிலிருந்த கத்தியை உருவிப் பிடியை நீட்டினார். வலக்கைக் கத்தி, முப்பது வருஷம் மீன் சீவிய கத்தி, முடியைக்கூட நெடுக்காகப் பிளக்கும் என்பார்கள். இப்போது காட்டுங்கள் என்றார். அபனாஸ் வலக்கையில் வாங்கினார். மூன்று வாரமாகக் கட்டிப்போட்டிருந்த கை விடுதலையான சந்தோஷத்தோடு மீனில் வைத்துத் தள்ளினார்.

செருப்பு அளவுக்கு ஒரு துண்டு விழுந்தது. இன்னொரு முறை தள்ளினார். முந்தினதற்கு ஜோடிச் செருப்பு.

"அப்ப இடக்கை மேலயும் தப்பில்ல," என்றார் அபனாஸ். "நாந்தான்."

அகுலினா அன்று முதன்முறையாகச் சிரித்தாள். கையுறையைக் கழற்றி, விழுந்த துண்டுகளில் பெரியதை எடுத்து, உப்பில் தோய்த்து அப்படியே வாயில் வைத்துக்கொண்டாள். சீவல் என்றால் நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். இது அப்படிக் கரைகிற சரக்கு இல்லை. அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியது. ஏதோ சொல்ல வந்து, முடியாமல், பொறுங்கள் என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அபனாஸ் பொறுத்தார். புருவத்தில் பனி வெள்ளையாகப் படிந்தது. கால் விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. அந்தக் கன்னம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனது, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வந்தது. இந்தத் துண்டை இவ்வளவு தடிமனாக வெட்டிய முட்டாள் யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

கடைசியில் அவள் விழுங்கினாள்.

"நாளைக்கு தபாலாபீஸ மூடிட்டு சாமானோட வாங்க," என்றாள். "மீன நான் சீவிக்கறேன்."