அப்பாவைப் போல இல்லாத மாப்பிள்ளை

புவனோஸ் ஐரிஸில் மனோதத்துவ சிகிச்சை செய்யும் நொயெமி, "நீங்க உங்கப்பா மாதிரி ஆளையேதான் திரும்பத் திரும்பத் தேடிப் பிடிக்கிறீங்க" என்று இருபது வருடமாக ஊர்ப் பெண்களுக்குச் சொல்லி வருகிறவள். அவளே ஏமாறுவாளா? படித்த படிப்பு எதற்கு? எதற்கெடுத்தாலும் கத்தும் அப்பாவுக்கு நேரெதிராக, வாயே திறக்காத ஒஸ்வால்தோவைக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தாள். காலைச் சண்டைக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாத ஒஸ்வால்தோ, மாத்தே தேநீர்க் குடுவையை நொயெமியிடம் நீட்டினான். சில்லிட்டிருந்தது. அம்மா அதை வாங்கி உறிஞ்சிப் பார்த்தாள்.

"உங்கப்பா மேல கோவம்னா நானும் இப்படித்தான் ஆறவச்சுக் குடுப்பேன். அவர் மாதிரி வேணாம்னு தேடித் தேடி, கடைசில என்னையே கட்டிக்கிட்டு வந்திருக்கியேடி."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று நொயெமி போட்ட கத்தல், அப்படியே அப்பாவுடையது.